அரிசிப் பையா, காசா? செந்தூலில் 22 தாய்மார்களுக்கு மாத உதவி

மாதர்பிரிவு எழுதியது:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் ஆலயத்தின் மாதர் பிரிவு சார்பில் கேட்கிறேன். மாதம் 3,500 வெள்ளி (ரிங்கிட்) திரளுகிறது. சுற்றியுள்ள பிளாட்டுகளில் 22 குடும்பங்களுக்கு முதல் ஞாயிறு ஆளுக்கொரு பை கொடுக்கிறோம். பெரும்பாலும் தனித்து வாழும் தாய்மார்கள், கைக்குழந்தை முதல் ஆறாம் ஆண்டு வரை பிள்ளைகள். பையில் 10 கிலோ அரிசி, 2 கிலோ எண்ணெய், 2 கிலோ சீனி, மாவு, மீ (நூடுல்ஸ்), டின் பால் இரண்டு, சார்டின் மூன்று, மைலோ, பிஸ்கட். ஒரு பைக்கு 120 வெள்ளி சொச்சம். மீதி வேன் வாடகைக்கும் தீபாவளிக்கும் போகிறது.

இப்போது மூன்று குழப்பம். கேஸ் வாங்க, பள்ளி வேனுக்குக் கட்டக் காசாகக் கிடைக்குமா என்று சில தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். காசு கொடுத்தால் வீணாகும் என்று நன்கொடையாளர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். அடுத்தது, பால் மாவு கேட்டு வருகிறவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? மூன்றாவதாக, இன்னும் 9 குடும்பம் பட்டியலில் காத்திருக்கிறது. பணம் இவ்வளவுதான் இருக்கும்போது யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது?

---

கணக்கேடு எழுதியது:

பையில் என்ன போடுவது என்ற பேச்சை நாலு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு வீட்டுக்கு ஒரு தாள் என 31 வீட்டுக்கும் போடுங்கள். இடப்பக்கம் அரசாங்கத்திடமிருந்து என்ன வருகிறது, வலப்பக்கம் வர வேண்டியது எது வரவில்லை. உங்கள் கையில் இருக்கும் பணத்தைவிடப் பெரிய பணம் அந்த வலப்பக்கத்தில்தான் கிடக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். சமூக நல இலாகாவின் பந்துவான் கானாக்-கானாக் எனும் பிள்ளைகள் உதவி 2021 விகிதப்படி 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி, 7 முதல் 18 வரை 150 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 என்று இருந்தது; இப்போதைய தொகையை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு, எட்டு, பதினொரு வயதில் மூன்று பிள்ளைகள் உள்ள தாய்க்கு அந்த விகிதத்திலேயே மாதம் 500 வெள்ளி. உங்கள் பை 120. ஒரு விண்ணப்பம் தேறினால் நாலு பைக்குச் சமம், அதுவும் உங்கள் பெட்டியிலிருந்து ஒரு காசு போகாமல். குடும்ப வருமானத்தை வறுமைக்கோட்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். 2022 கணக்குப்படி அந்தக் கோடு மாதம் 2,589 வெள்ளியாக இருந்தது. ஓட்டலில் பாத்திரம் கழுவி மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருப்பார்.

விண்ணப்பத்துக்குத் தாயின் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பேங்க் புத்தகம், சம்பளச் சீட்டு அல்லது வருமான உறுதிக் கடிதம், வாடகை, கரண்டு பில், மணவிலக்கு அல்லது கணவரின் இறப்புப் பத்திரம், பள்ளியில் படிக்கிறான் என்பதற்கான கடிதம் என எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து ஒரே பையில் வையுங்கள். விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இரண்டே. ஐசியில் இருப்பது ஒரு முகவரி, குடியிருப்பது வேறு இடம். குடியிருக்கும் இடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போகாமல் வேறெங்கோ கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று போன் நம்பர். வீட்டைப் பார்க்க வரும் அதிகாரி அழைக்கும்போது பழைய நம்பர் செத்திருக்கும், பைல் அப்படியே தூங்கும். இரண்டாவது தொடர்பு எண்ணாக உங்கள் தொண்டர் ஒருவரின் எண்ணைத் தாயின் சம்மதத்தோடு எழுதுங்கள்.

கூடவே இ-காசே பதிவு இருக்கிறதா பாருங்கள். அரசாங்கத்தின் வறியோர் பட்டியல் அதுதான், பல உதவிகளுக்கு அதுவே வாசல். பிரிந்து போன கணவரின் பெயரில் அந்தக் குடும்பம் ஏறியிருந்தால் தாய்க்குத் தனிப்பதிவு இருக்காது. பிள்ளை ஆரம்பப் பள்ளி என்றால் ஆர்எம்டி இலவச உணவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள், தமிழ்ப்பள்ளியிலும் உண்டு. கேட்காததால் விடுபட்ட பிள்ளைகள் நிறைய.

இனி காசா, பையா. அரசாங்கத்தின் சாரா உதவி அடையாள அட்டையான மைகார்டிலேயே ஏறுகிறது. அதை வைத்து அனுமதித்த வகைகளை மட்டும்தான் கடையில் வாங்க முடியும்: அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, டின் சாமான் இப்படி. வீட்டு வாடகைக்கோ வேன் காசுக்கோ அது ஆகாது. அதாவது உலர்சாமான் பக்கத்தை அரசாங்கம் ஓரளவு மூடிவிட்டது, நீங்களும் அதே பக்கத்தில் அரிசியை அடுக்குகிறீர்கள். ஓட்டை இருப்பது மறுபக்கம். பிபிஆர் எனும் அரசாங்க மலிவு பிளாட் வாடகை 124 வெள்ளி, 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) 26.60, பிறகு பள்ளி வேன், பெம்பர்ஸ் (குழந்தை டயப்பர்), பஸ் காசு. கேஸ் இல்லாத வீட்டில் 10 கிலோ அரிசி இருந்து என்ன பயன்?

ஆகவே என் கட்சி காசு. ஆனால் எல்லாருக்கும் சமமாக வேண்டாம். 31 வீட்டுக்கும் பிரித்தால் தலைக்கு 112 வெள்ளி வரும், யாருக்கும் எதுவும் தீராது. 6 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்து, அரசாங்கப் பணம் இன்னும் வராத வீடுகளில் எட்டைப் பொறுக்கி மாதம் 250 கொடுங்கள், 2,000 ஆயிற்று. அடுத்த பத்து வீட்டுக்கு 100 வீதம் 1,000. மிச்சம் 500 அவசர நிதி. மற்ற 13 வீட்டுக்குப் பத்திர வேலை மட்டும். உதவித்தொகை ஏறியதும் அந்த வீடு 250-லிருந்து 100-க்கு இறங்கும், வரிசையில் இருப்பவர் ஏறுவார். இதை முதல் நாளே தாயிடம் வாயால் சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். சொல்லாமல் பாதியில் நிறுத்துவதுதான் மனக்கசப்பு.

---

சத்துக்கூடை எழுதியது:

கணக்கேடு அண்ணன் சொன்ன பிரிவினை சரி. ஆனால் காசு என்றதும் சாமானை முழுக்க விட்டுவிட வேண்டாம் என்பேன். உங்கள் பையில் இருப்பது மாவும் சீனியும்தான். வயிறு நிறையும், பிள்ளை வளராது.

யூனிசெப் 2018-இல் கோலாலம்பூர் மலிவு விலை பிளாட்டுகளில் நடத்திய ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாட்டு அளவிலும் 2022 சுகாதார ஆய்வில் 21.2 விழுக்காடு. நம்மவர்கள் இதை "அப்பா குள்ளம், பிள்ளையும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டில் புரதமும் இரும்புச்சத்தும் போதாமல் போனதும், அடிக்கடி வயிற்றோட்டம் வந்ததும்தான் பல வீட்டில் காரணம்.

ஒரு தாய், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் பட்டியல் இப்படி. முட்டை 90, பிள்ளைக்குத் தினம் ஒன்று கணக்கு. மொத்தமாகக் கொடுக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வெயிலுக்குக் கெடும், பக்கத்து வீட்டுக்கும் போகும். முதல் ஞாயிறு இரண்டு தட்டு, மூன்றாம் ஞாயிறு ஒரு தட்டு. பருப்பு 2 கிலோ, பச்சைப்பயறு 1 கிலோ, நெத்திலி அரை கிலோ, நிலக்கடலை அரை கிலோ, ஆட்டா மாவு 2 கிலோ, எண்ணெய் 2 கிலோ. எண்ணெய்க்குப் போத்தல் வேண்டாம். மானிய விலை பாக்கெட் கிலோ 2.50 தான். அரிசி சாராவில் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வையுங்கள். வைப்பதானால் உள்ளூர் அரிசி போதும், 10 கிலோ 26 வெள்ளி.

டின் பாலை அடியோடு நிறுத்துங்கள். கடையில் "இனிப்பு கிரீமர்" என்று விற்கும் டின்னில் பெரும்பங்கு சீனியும் பாமாயிலும். டீக்குப் போட்டுக்கொள்ளட்டும், அது அவரவர் பாடு. ஆனால் நாம் பையில் வைத்தால் அதைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பதும் நடக்கும், "கோயிலில் கொடுத்த பால்" என்று. அதற்குப் பதில் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்குச் சாதாரண முழுக் கொழுப்புப் பால் பவுடர். 200 மில்லி தம்ளருக்கு ஏறக்குறைய 33 கிராம், அதாவது ஒரு கிலோவில் 30 தம்ளர். மூன்று பிள்ளைக்குத் தினம் ஒரு தம்ளர் என்றால் மாதம் 3 கிலோ. படம் போட்ட "1 முதல் 3 வயது" டின்கள் இதைவிட விலை கூடுதல், தேவையும் இல்லை. அந்த வயதுக்கு அப்படிப்பட்ட தொடர் பால் மாவை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

இப்போது கைக்குழந்தைப் பால் மாவு. இதில்தான் நல்ல மனதோடு கெடுதல் செய்துவிட முடியும். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மில்லி பால் வேண்டும், மாவு 100 கிராமுக்கு மேல். மாதத்துக்கு 3 கிலோ. 600 கிராம் டின் ஒன்று கொடுத்தால் ஆறு நாள். ஏழாம் நாள் என்ன நடக்கும்? நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி. பால் வெள்ளையாகத்தான் இருக்கும், குழந்தை குடித்துவிட்டுத் தூங்கவும் செய்யும், ஆனால் எடை நின்றுவிடும். அதனால் பால் மாவு கொடுப்பதானால் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை மாதத் தேவை முழுவதையும் கொடுக்க முடியுமா என்று முதலில் கூட்டிப் பாருங்கள். முடியாது என்றால் தொடங்காதீர்கள். கிளினிக் தாதியிடம் அனுப்புங்கள்.

தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு டின்னை நீட்டவே கூடாது. புட்டி புகுந்தால் தாய்ப்பால் குறையும், பிறகு டின் இல்லாமல் ஆகாது. அவருக்குச் சாப்பாடு கொடுங்கள், வேலைக்குத் திரும்புகிறவர் என்றால் கையால் அழுத்தும் பால் பம்ப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இலவச டின் விநியோகத்துக்கு எதிராக 1981-லேயே உலக அளவில் நெறிமுறை வந்ததற்குக் காரணம் இதுதான். ஏதாவது நிறுவனம் பெட்டி பெட்டியாகப் பால் மாவு தருகிறேன் என்று வந்தால் வாங்கி அடுக்காதீர்கள்.

பால் மாவில்தான் வளர வேண்டும் என்ற குழந்தைக்குக் கலக்கும் முறையையும் கூட நின்று காட்டுங்கள். தண்ணீர் கொதித்து அரை மணிக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். மாவில் இருக்கக்கூடிய கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். பிறகு குழாயடியில் புட்டியைக் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுப்பது. காலையில் பிளாஸ்கில் ஊற்றி மாலை வரை அதையே பயன்படுத்துவது வழக்கம். அந்தத் தண்ணீர் போதிய சூடு இல்லை.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நெத்திலிப் பொடி நல்ல துணை. நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசி உப்பை இறக்கி, ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல் வறுத்து, மாவாக அரைத்துக் கஞ்சியில் போடலாம். உப்பு வேறு சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, வளர்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கிளினிக் கொடுத்த குழந்தையின் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி எடைக் கோட்டைப் பாருங்கள். புள்ளிகள் மேலே ஏறாமல் படுக்கையாகப் போனாலோ, கோட்டுக்குக் கோடு கீழே இறங்கினாலோ கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஏழைக் குடும்பத்தில் 6 வயதுக்குக் கீழ் எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சுகாதார அமைச்சே மாத உணவுக் கூடை கொடுக்கும் திட்டம் 1989 முதல் நடக்கிறது. தாதியிடம் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பல இடங்களில் பேச்சே எழும்: பெமுலிஹான் கானாக்-கானாக் கெகுராங்கான் ஸாட் மாக்கானான். தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க முடிந்தால் மேல்கைச் சுற்றளவு அளக்கும் நாடா ஒன்று போதும். 6 மாதம் முதல் 5 வயது வரை 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் கிளினிக்குக்கு அனுப்புங்கள், 11.5-க்குக் கீழ் என்றால் அன்றைக்கே.

---

கடைத்தெரு எழுதியது:

காசு கொடுங்கள் என்று ரெண்டு பேரும் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். யார் கைக்குப் போகிறது என்று பார்த்தீர்களா? பிளாட்டுகளில் ஆலோங் எனும் உரிமமில்லா வட்டிக்காரனிடம் கடன் வாங்கிய தாய் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அவனிடம் அடகு வைத்திருப்பாள். கெபாஜிக்கான் (சமூக நல இலாகா) காசு ஏறிய அன்றே அவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்தக் கணக்கில் நீங்களும் 250 போட்டால் ஆலோங்குக்குத்தான் நன்கொடை. இன்னொரு வகை, கார்டு கணவனிடம் இருக்கும், பிள்ளைப் பால் காசு சம்சு சாராயமாகப் போகும்.

ஆகவே போடுவதற்கு முன்னால் ஒரே கேள்வி: "கார்டு இப்போ உங்க கையில இருக்கா, காட்டுங்க." வீட்டில் இருக்கிறது, தங்கச்சி வைத்திருக்கிறாள் என்றால் காசு வேண்டாம். அந்த வீட்டுக்கு வேறு மூன்று வழி இருக்கு.

ஒன்று, பில்லை நீங்களே கட்டுவது. பிபிஆர் வாடகைக்கு வீட்டு எண்ணையும் பாக்கி நோட்டீசையும் வாங்கி நேராகச் செலுத்தி ரசீதைத் தாயிடம் கொடுங்கள். கரண்டுக்குப் பில்லில் உள்ள கணக்கு எண் போதும். வேன்காரருக்கு மாதம் மாதம் அவர் கணக்குக்கே அனுப்பலாம். வாடகை பாக்கி பல மாதம் ஏறியிருந்தால் ஒரே தடவையில் முழுக்க அடைக்காதீர்கள். அலுவலகத்தில் தவணை பேசி, முதல் தவணையை நீங்கள் கட்டி, அடுத்ததை அவர் கட்டுகிறாரா பாருங்கள்.

ரெண்டு, கடைக் கணக்கு. பிளாட் கீழே இருக்கும் மளிகைக்கடையில் மாதம் 100 வெள்ளி வரை இந்தப் பெயருக்கு எழுது, மாதக் கடைசியில் நாங்கள் கட்டுகிறோம் என்று ஏற்பாடு. கார்பன் பேப்பர் வைத்த பில் புத்தகம், தாயின் கையெழுத்து, சிகரெட்டும் மதுவும் கிடையாது. காய், மீன், கோழி எல்லாம் இதில் வாங்கலாம், பையில் அதை வைக்க முடியாதே. கெடுவது எங்கே என்றால் கடைக்காரர் விலையை ஏற்றுவார், இல்லையென்றால் 100 வெள்ளி பில் போட்டுக்கொண்டு 80 வெள்ளி கையில் கொடுப்பார். அதனால் பில்லில் சாமான் பெயர் இல்லாமல் "மளிகை" என்று மட்டும் எழுதினால் கட்டாதீர்கள். மாதம் ரெண்டு பில்லை எடுத்துப் பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

மூன்று, கேஸ் தோங். கேஸ்காரரிடம் முன்பணம் கட்டிவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மாற்றிக் கொடுக்கச் சொல்வது. காலித் தோங் இல்லாத வீட்டுக்கு முதல் தடவை தோங்குக்குத் தனியாக முன்பணம் கேட்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்டை மீட்பது தனி விஷயம். பேங்கில் போய்க் கார்டை ரத்து செய்து புதுசு எடுப்பது பத்து நிமிட வேலைதான், ஆனால் அடுத்த நாள் ஆலோங்கின் மிரட்டலாகக் கதவில் சிவப்பு சாயம் விழும். உரிமமில்லாமல் வட்டிக்கு விடுவது 1951 சட்டப்படி குற்றம், போலீஸ் புகார் கொடுக்கலாம். தாய் தயாராக இல்லாமல் தொண்டர்கள் வீரம் காட்ட வேண்டாம். பிள்ளைகளோடு தங்க வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுக் கணக்கு திறந்து, கெபாஜிக்கானில் கணக்கு எண்ணை மாற்றி, அதற்குப் பிறகு பழைய கார்டைத் தொடுங்கள்.

---

மாதர்பிரிவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கார்டு விஷயம் எங்கள் பட்டியலில் குறைந்தது மூன்று வீட்டுக்குப் பொருந்தும் போலிருக்கிறது. பத்திர வேலை என்றதும் இரண்டு இடம் இடிக்கிறது. ஒருவரின் கணவர் நாலு ஆண்டுக்கு முன் போனவர் போனவர்தான், மணவிலக்கு ஆகவில்லை, அதனால் தனித்து வாழும் தாய் என்று காட்டப் பத்திரம் இல்லை. இன்னொரு வீட்டில் தகப்பன் உள்ளூர்க்காரர், தாய் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு இல்லை. ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். பள்ளிக்குச் சேர்க்க முடியுமா?

---

பத்திரம் எழுதியது:

முதல் தாய்: மணவிலக்கு இல்லாமலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் 1950 அதற்குத்தான் இருக்கிறது. வழக்கறிஞர் செலவுக்குச் சட்ட உதவி இலாகாவில் வருமானத் தகுதி பார்த்து எடுப்பார்கள். மணவிலக்கே வேண்டுமென்றால் சாதாரணமாக முதலில் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். ஆனால் கணவர் கைவிட்டுப் போய் இருக்குமிடம் தெரியவில்லை என்றால் திருமணம், மணவிலக்குச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு அந்தப் படியிலிருந்து விலக்கு கொடுக்கிறது. அதுவரை சமூக நல இலாகா விண்ணப்பத்தோடு கைவிடப்பட்ட நிலையை விளக்கிப் போலீஸ் ரிப்போர்ட், சத்தியப் பிரமாணம் இரண்டையும் இணையுங்கள். அடி உதை இருந்த வீடு என்றால் வரிசை மாறும்: தாலியான் காசே எனும் அரசாங்க உதவி எண் 15999, பிறகு 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு, மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது வீடு சிக்கலானது, நேராகவே சொல்கிறேன். 1982 மார்ச் 1 முதல் இந்து திருமணமும் சட்டப்படி பதிவானால்தான் திருமணம். பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான் முடிவாகும். தாய் மலேசியராக இருந்தால் பிரச்சினை இல்லை, தகப்பன் பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டாலும் பிள்ளை குடிமகன். இங்கே தலைகீழ். பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், குடியுரிமை இடத்தில் "புக்கான் வார்கானெகாரா" (குடிமகன் அல்ல) என்று இருக்கும். இப்போது பெற்றோர் பதிவுத் திருமணம் செய்துகொள்வது நல்லது, அடுத்த பிள்ளைக்கு உதவும். ஆனால் இந்தப் பையனின் நிலை அதனால் தானாக மாறாது. வயது வரம்பு தாண்டும் முன் அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும், பதிவு இலாகா வழியாக உள்துறை அமைச்சுக்கு. ஆண்டுக்கணக்கில் இழுக்கும், நிராகரித்தால் மறுபடியும் போடலாம். "ஆள் தெரியும், 5,000 கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களைக் கிட்டச் சேர்க்காதீர்கள்.

பள்ளி: பெற்றோரில் ஒருவர் மலேசியர் என்றால் பத்திரம் முடியாத பிள்ளையையும் சேர்க்க 2019-இல் கதவு திறந்தார்கள். மாவட்டக் கல்வி இலாகாவுக்குத் தகப்பனே ஐசியோடு போக வேண்டும், தொண்டர் போனால் நடக்காது. ஐந்து வயது என்பதால் நேரம் இருக்கிறது. இப்போதே தொடங்குங்கள், பள்ளி திறக்கும் வாரத்தில் ஓடாதீர்கள்.

புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒரே விதி: 60 நாளுக்குள் பதிவு. தாண்டினால் தாமதப் பதிவு, சாட்சி, கூடுதல் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். உங்கள் பட்டியலில் கர்ப்பிணிகள் இருந்தால் பிரசவ நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்குப் போய்வர கிராப் டாக்சிக் காசை அவசர நிதியிலிருந்து கொடுங்கள். இருபது முப்பது வெள்ளியில் பெரிய வழக்கு ஒன்று மிச்சம்.

---

ரசீது எழுதியது:

பணப் பக்கம் மட்டும், சுருக்கமாக. காசைத் தாயின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள், "என் அக்கா கணக்குக்குப் போடுங்கள்" என்பது வேண்டாம். குறிப்பு இடத்தில் தாயின் பெயர் வேண்டாம், குடும்ப எண்ணும் மாதமும் மட்டும். அனுப்ப ஒருவர், ஒப்புதல் கொடுக்க இன்னொருவர், இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. ஐசி, பிறப்புப் பத்திர நகல்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதை இன்றே நிறுத்துங்கள். நகல் மேல் குறுக்கே "இன்ன உதவிக்கு மட்டும்" என்று எழுதி, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டியது அது.

உண்டியல் தூக்கி வீடு வீடாகவோ வீதியிலோ வசூலிப்பதானால் 1947 சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். வரிவிலக்கு ரசீது என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் உங்கள் ஆலயத்துக்கு இருந்தால் தவிர அது கிடையாது. சங்கப் பதிவு இருந்தால் ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கு போக வேண்டும், இந்த உதவி நிதியை அதில் தனித் தலைப்பாகக் காட்டுங்கள்.

போட்டோ பற்றி யாரும் பேசவில்லை. பேனர் பிடித்துத் தாயையும் பிள்ளையையும் நிறுத்திப் படம் எடுப்பது நிற்கட்டும். நாளைக்கு அதே பையன் பள்ளியில் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். நன்கொடையாளருக்குப் படம் வேண்டுமென்றால் ரசீதுக் கட்டையும் முட்டைத் தட்டையும் எடுத்து அனுப்புங்கள்.

---

கணக்கேடு எழுதியது:

கடைத்தெரு சொன்ன கார்டு கேள்வியைத் தாளில் முதல் வரியாகப் போடுங்கள், நான் விட்டது. பத்து வீட்டுக்கான 100 வெள்ளியைக் கடைக் கணக்காக வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கார்டு கையில் இருக்கும் தாயைக் கடைக்காரரிடம் கட்டிப்போடாதீர்கள். மீன் எங்கே மலிவு என்று உங்களையும் என்னையும்விட அவருக்குத் தெரியும்.

ஒன்று சேர்க்கிறேன். ஆண்டு முழுக்க ஒரே அளவு கொடுக்காதீர்கள். தீபாவளிக்கு எம்பி அலுவலகம், கம்பெனி, சங்கம் என்று எல்லாரும் கொடுப்பார்கள், ஒரே வீட்டில் நாலு அரிசிப் பை சேரும். அந்த மாதம் உங்கள் சாமானை நிறுத்தி வையுங்கள். பசி வருவது ஆண்டு இறுதி விடுமுறையில். பள்ளி இல்லை என்றால் ஆர்எம்டி சாப்பாடும் இல்லை, பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில். பள்ளி திறக்கும் நேரத்தில் சீருடை, காலணி, பயிற்சிப் புத்தகம் வேறு. அரசாங்கத்தின் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி ஒரு பிள்ளைக்குக் காலணிக்கும் சீருடைக்குமே போய்விடும். தீபாவளிக்கு எடுத்து வைக்கும் தொகையை டிசம்பருக்கும் பள்ளி திறப்புக்கும் நகர்த்துங்கள்.

பெம்பர்ஸ் வாங்கினால் வயதைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள். நாலு மாதக் குழந்தைக்கு நாளுக்கு ஆறு ஏழு, மாதம் 200 சுற்று. கைக்குழந்தை எல்லைக்கோட்டு எடையில் இருந்தால் பெரிய சைஸ் வாங்குங்கள். பெரியது மிஞ்சினாலும் குழந்தை வளர்ந்ததும் ஆகும், சிறியது மிஞ்சினால் கிடக்கும்.

தாளின் மாதிரி படிவம் வேண்டுமென்றால் தனி மடலில் கேளுங்கள், மலாயிலும் தமிழிலும் இருக்கிறது.